முன் சீட்டில் எங்கள் அத்தை

அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில் சேலத்திலிருந்து டிரங்க் கால் வந்தது. "அத்தை போயிட்டாங்க சாமி," என்றார் பெரியப்பா.

ருக்மணி அத்தை என் அப்பாவின் தங்கை. மாமா தவறிய பிறகு அவர் விட்டுச்சென்ற ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரித் தொழிலைத் தானே நடத்தியவர். எழுபதுகளிலேயே அம்பாசிடர் ஓட்டிக்கொண்டு சேலம் கடைவீதிக்குள் போவார். ஊர் பேசியதை ஒரு நாளும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

என் கல்யாணம் நாமக்கல்லில், மாப்பிள்ளை ஊரில். அப்பாவும் உறவுக்காரர்களும் முந்தின நாளே போயாயிற்று. விடிந்ததும் என்னைச் சேலத்திலிருந்து அழைத்துப் போகவேண்டிய வாடகைக் கார் டிரைவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். முகூர்த்தம் தவறினால் அப்பா எப்படித் தலைநிமிர்ந்து நடப்பார்? அத்தை தன் கார் சாவியை எடுத்தார். பெரியப்பா குறுக்கே வந்தார்.

"தாலியில்லாதவ முன்னால உக்காந்து பொண்ணக் கூட்டிட்டுப் போறதா? சகுனம் ஆகாது. பின்னால உக்காரும்மா."

"நான் பின்னால உக்காந்தா வண்டிய யாருங்ணா ஓட்டறது?"

பெரியப்பா வண்டியில் ஏறிக்கொண்டார்.

மல்லூரில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தபோது அத்தை காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். இடப்பக்கம் போதமலை கூடவே வந்தது. ராசிபுரத்தில் பூ வாங்க நிறுத்தியபோது அத்தை இறங்கவே இல்லை. "பொண்ணுக்கு இன்னும் ரெண்டு மொழம் சேத்திக் குடுங்க," என்று பூக்காரம்மாவிடம் சன்னல் வழியே கேட்டார். புதுச்சத்திரம் தாண்டியபின், "பாரு சாமி, நாமக்கல் கோட்டை தெரியுது. நேரத்துக்குப் போயிரலாம்," என்றார்.

மண்டபத்து வாசலில் ஆரத்தி காத்திருந்தது. அத்தை ஸ்டியரிங்கை விட்டு அசையவில்லை.

"அத்தை எறங்காம நானும் எறங்கமாட்டேனுங்க," என்றேன்.

மேளம் நின்றுவிட்டது. என் மாமியார் தட்டோடு வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "கொண்டாந்து சேத்தவங்க வெளிய நிக்கறதா? ரெண்டு பேரும் வாங்க," என்றார். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு நடுவாசல் வழியாக நடந்தார். அந்த நடையை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமை தாளாது.

மறுவருஷம் அதே சாலையில் என்னையும் ஓட்ட வைத்தார். "பயமா இருந்தா பஸ்ஸுல போ," என்பார்.

நேற்று அவரைத் தூக்கும் நேரம். பெண்கள் முச்சந்தியோடு திரும்பிவிடுவதுதான் எங்கள் வழக்கம். தள்ளாத பெரியப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அம்பாசிடர் சாவியை என் கையில் வைத்தார். "வண்டி முன்னால போவட்டும் சாமி," என்றார். பாடை பின்னால் வர, சுடுகாடு வரை மெதுவாக ஓட்டிப்போனேன்.

அன்றைக்கு நீங்கள் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது, அத்தை. நீங்கள் பின்னால் வந்தீர்கள், வண்டியை நான் ஓட்டினேன். நல்லபடியாகப் போய் வாருங்கள்.