அம்மாவுக்குப் பெரிய றெக்கை

அலைச்சறுக்குப் பலகையில் கால் வழுக்காமலிருக்கத் தேய்க்கும் மெழுகு வெயிலில் இளகினால் தேங்காய் பர்பியின் வாசனை வரும். கோவளத்தில் அலைச்சறுக்கு கற்றுத்தரும் இடத்தில் வேலை பார்த்த சித்தப்பா, அங்கே கழித்துப்போட்ட ஒரு பலகையை மீன் வண்டியில் ஏற்றிப் பழவேற்காடு வரை கொண்டுவந்து, அங்கிருந்து படகில் எங்கள் குப்பத்துக்குச் சேர்த்த நாளிலிருந்து எங்கள் வீடு முழுக்க அந்த வாசனைதான் இருந்தது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவில் மணல்திட்டின் மேல் எங்கள் வீடுகள். ஏரியும் கடலும் கலக்கும் முகத்துவாரத்தில் ஓர் அலை, எந்த அவசரமும் இல்லாமல் எழுந்து, நீளமாக நடந்துவந்து மணலில் படுத்துக்கொள்ளும்.

பலகையோடு ஒரு துணிப்பையும் வந்திருந்தது. அதற்குள் பலகையின் அடியில் மாட்டும் ஃபின்கள், பெரிதும் சிறிதுமாக, ஒன்றுக்கொன்று சேராத நிறங்களில் கிடந்தன. நாங்கள் அவற்றை 'றெக்கை' என்றோம். சித்தப்பா வளைந்த சின்னச் சாவியால் திருகாணியைத் திருகிக் காட்டினார். "சின்னது போட்டா வழுக்கினு திரும்பும். பெருசு போட்டா தண்ணிய புடிச்சினு நேரா போவும். உன் வெயிட்டுக்குச் சின்னது போதும்" என்று சொல்லிவிட்டு மறுநாளே கிளம்பிவிட்டார். சின்ன றெக்கைகளோடு அந்தக் கோடை முழுவதும் நான் அந்த அலையில்தான் வாழ்ந்தேன் என்று சொல்ல வேண்டும். சோறும் தூக்கமும் நடுவில் எப்போதோ நடந்தன.

அம்மா கடல்காரி இல்லை. பொன்னேரிக்கு அந்தப் பக்கம் நெல் விளையும் ஊரில் பிறந்து, அங்கே மீன் விற்கப் போன என் நைனாவைப் பிடித்துப்போய், வீட்டை எதிர்த்துக்கொண்டு இங்கே வந்தவள். பிறந்த வீடு அதோடு அவளை விட்டுவிட்டது. இங்கேயோ அவளுக்குக் 'கழனிக்காரி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. எனக்கு விவரம் தெரிந்து அவள் கணுக்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. நான் அலையில் ஆடுவதை அவள் தடுக்கவில்லை. பார்ப்பதும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை, படகுகள் எல்லாம் போன பிறகு, இறால் தோல் உரித்துக்கொண்டே கேட்டாள்: "அது மேல வரும்போது காதுல எதுனா கேக்குமா?"

"தண்ணி கிழியற மாதிரி லேசா ஒரு சத்தம்மா. அவ்ளோதான்."

இன்னும் இரண்டு இறாலை உரித்துப் போட்டாள். பிறகு, "நான் ஏறினா அது தாங்குமா?" என்றாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் றெக்கையை மாற்றும் யோசனையே வரவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் அவளைக் குப்புறப் படுக்கவைத்து, அலை வந்ததும் தள்ளிவிட்டேன். என் எடைக்குப் பட்டுத்துணிபோல் வழுக்கிய பலகை, அவள் எடைக்குப் பின்பக்கம் ஒதுங்கி, பக்கவாட்டில் சரிந்து, அவளைக் கவிழ்த்துவிட்டது. எழுந்தபோது முகம் முழுக்கக் கூந்தல், மூக்கில் உப்புத் தண்ணீர். என்னைப் பார்க்காமல் கரையேறி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் விஷயம் தெரிந்த நைனா, வலையைத் தட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "விட்டுடு பாப்பா. அவ வந்தது எனக்காக. கடலுக்காக இல்ல."

எனக்கு மனசு கேட்கவில்லை. பையைக் கவிழ்த்து, இருந்ததிலேயே பெரிதாக ஒரே அளவில் மூன்று றெக்கைகளைத் தேடி எடுத்து மாட்டினேன். முதலில் நானே ஏறிப் பார்த்தேன். பலகை சொன்ன பேச்சு கேட்கவில்லை. திரும்பு என்றால் திரும்பாமல், கோடு போட்டதுபோல் நேராகவே போனது. அம்மாவுக்கு இதுதான் சரி என்று நினைத்த நேரத்தில் நடு றெக்கை மணலில் தட்டிப் பலகை நின்றுவிட, நான் மட்டும் முன்னால் பறந்துபோய்ச் சிப்பிகளின் மேல் விழுந்தேன். அப்போது 'வத்தம்', அதாவது தண்ணீர் இறங்கும் நேரம். முகத்துவாரத்து மணல்மேடு அடியிலேயே இருந்தது.

கிழிந்த முழங்காலில் அம்மா காப்பித்தூள் அப்பினாள்.

"இன்னாத்துக்கு பெருச மாட்டின? உனக்குதான் சின்னது போதும்னாரே உன் சித்தப்பா."

"உனக்குதாம்மா. பெருசு இருந்தா ஆடாது. ஆனா தண்ணி பத்தல."

காப்பித்தூள் டப்பாவை மூடினாள். "அப்ப தண்ணி ஏறட்டும்" என்றாள்.

'வெள்ளம்', அதாவது கடல் தண்ணீர் ஏறும் நேரம், நன்றாக ஏறிய ஒரு காலையில் போனோம். வானமும் நீரும் ஒரே சாம்பல் நிறத்தில், எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் கிடந்தன. தூரத்தில் பூநாரைகள் கனவில் நிற்பவைபோல் நின்றன. புடவையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டியிருந்த அம்மா, படுத்தபடி ஓர் அலையில் வந்தாள். அடுத்ததில் முட்டி போட்டாள். பலகை அசையவே இல்லை. அலை அவளைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு, நேராக, மிக நேராக, கரைவரை கொண்டுவந்து வைத்தது. கண்களை அவள் மூடவே இல்லை என்பதை நான் கவனித்தேன்.

"இன்னொரு தபா" என்றாள்.

அந்த இன்னொரு தபாவின்போதுதான் நைனாவின் படகு முகத்துவாரத்துக்குள் நுழைந்தது. எதிரே தன் மனைவி அலைமேல் மண்டியிட்டு வருவதைப் பார்த்தவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, அவள் கரை சேரும்வரை நின்றுகொண்டே இருந்தார். பிறகு இறங்கி வந்து, அவளிடம் எதுவும் கேட்காமல் என்னிடம் கேட்டார்: "எந்த றெக்க மாட்டின?"

"பெருசு, நைனா."

தலையாட்டினார். பலகையின் பின்பக்கத்தைப் பிடித்து, மறுபடி அவளை ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

இப்போது நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். பலகை என்றோ விரிசல் விட்டு, நீர் குடித்து, மழையோடு போய்விட்டது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்த அலையும் இல்லை. மணல் ஏறி முகத்துவாரம் தூர்ந்துபோய், நாங்கள் நீந்திய இடத்தில் ஆட்கள் செருப்பைக் கையில் பிடித்தபடி அக்கரை ரோட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அம்மாவும் என்னோடு வந்திருந்தாள். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர், இப்போதெல்லாம் அந்த மாதிரி அலை தெற்கே தள்ளித்தான் உடைகிறது என்றார்.

அம்மா தெற்குப் பக்கம் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். இப்போது அவளுக்கு மூட்டுவலி, தலையும் பாதி நரைத்துவிட்டது.

"அங்க ஷேர் ஆட்டோ போவுதா?" என்று அவரிடம் கேட்டாள்.