மாந்தோப்பில் புரண்ட ஹெலிகாப்டர்

பயிற்சி ஹெலிகாப்டர் விபத்து என்றாலே எல்லோரும் எஞ்சின் நின்று வானத்திலிருந்து விழுவதைத்தான் நினைக்கிறார்கள். என் வகுப்புக்கு வருகிறவர்களும் முதல் நாள் அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் உள்ளே உட்கார்ந்திருந்த ஒரே விபத்தில் எஞ்சின் கடைசிவரை நன்றாக ஓடியது. மழை இல்லை, காற்று இல்லை. மெஷின் தரையை விட்டு ஒரு முழம்கூட எழும்பவில்லை. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

நான் சித்தூர்க்காரி. திருப்பதிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் ஃப்ளையிங் ஸ்கூலில் பல வருஷம் இன்ஸ்ட்ரக்டராக இருந்தேன். எங்களிடம் இருந்தவை இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்ன ஹெலிகாப்டர்கள். வலப்பக்கம் மாணவர், இடப்பக்கம் நான். இரண்டு பேருக்கும் தனித்தனியாக கன்ட்ரோல் உண்டு; ஆனால் இரண்டும் உள்ளே ஒன்றாக இணைந்தவை. ஒருவர் இழுத்தால் மற்றவர் கையில் இருப்பதும் சேர்ந்து நகரும்.

லாரிக்காரர்

முனிரத்தினத்துக்கு அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பிச்சாட்டூர் பக்கம். லாரி ஓட்டி, லாரி வாங்கி, பிறகு மாம்பழக் கூழ் ஃபேக்டரி வைத்து முன்னுக்கு வந்தவர். சொந்தமாக ஹெலிகாப்டர் வாங்கி தானே ஓட்ட வேண்டும் என்று வந்து சேர்ந்தார். எங்கள் சேர்மனுக்கு அவர்மேல் தனி மரியாதை. அப்படிப்பட்ட கஸ்டமர் எங்களுக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

நல்ல மாணவர். இளம் பையன்களைவிட நிதானமாகப் படித்தார். ஒரே ஒரு சிக்கல், அவருடைய இடது கை.

ஹெலிகாப்டரில் இடது கையில் பிடிக்கும் லிவருக்கு கலெக்டிவ் என்று பெயர். மேலே இழுத்தால் மெஷின் எழும்பும், கீழே தள்ளினால் இறங்கும். மேலே சுற்றும் ரோட்டாரின் வேகம் குறைந்துபோனால் ஒரு ஹார்ன் அடிக்கும். அப்போது கலெக்டிவைக் கீழே தள்ளி, எஞ்சினுக்கு த்ராட்டில் கொடுக்க வேண்டும். மேலே இழுத்தால் ரோட்டார் இன்னும் சோர்ந்துபோகும். அதற்குப் பிறகு பிழைப்பது கஷ்டம். சின்ன ஹெலிகாப்டர்களில் இது ஆட்களைக் கொன்றிருக்கிறது.

நான் வேண்டுமென்றே ஹார்னை வரவழைத்துப் பார்க்கும்போதெல்லாம் முனிரத்தினத்தின் கை மேலே போகும். நான் கீழே அழுத்துவேன். ஒருநாள் இறங்கியதும் அவரே கேட்டார்.

"கீழ போய்க்கினு இருக்கிற வண்டிய இன்னும் கீழ தள்ளுன்றீங்களே மேடம், அது எப்டி மனசு கேக்கும்?"

கேட்காதுதான் என்றேன். யாருக்கும் கேட்காது. அதனால்தான் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிறோம் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது, கைக்குப் புரியவில்லை.

தோப்பு

ஏர்ஃபீல்டுக்கு வெளியே, மரங்களுக்கு நடுவில் இறங்கி ஏறுவதும் பயிற்சியில் ஒரு பகுதி. பாலசமுத்திரம் பக்கத்தில் தனக்கு ஒரு மாந்தோப்பு இருப்பதாகவும், அந்தப் பயிற்சியை அங்கேயே செய்யலாம் என்றும் முனிரத்தினம் சொன்னார். அவருடைய அப்பாவுக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டே வந்தது. பார்வை முழுதாகப் போவதற்குள் மகன் ஓட்டிவருவதை அவர் பார்க்க வேண்டும் என்பது ஆசை. சேர்மன் முன்நின்று அனுமதி வாங்கினார்.

பயிற்சிக்கு முந்தின நாள் முனிரத்தினத்தோடு ஜீப்பில் போய் இடத்தைப் பார்த்தேன். தோப்பின் நடுவில் மரம் வைக்காத நல்ல திறந்தவெளி. கரன்ட் கம்பி ஒரு பக்கம் மட்டும் போனது. எதிர்ப்பக்கமாக வந்து இறங்கலாம். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் திறந்தவெளியின் ஓரத்தில், முதல் வரிசை மரத்தடியில், வீட்டாருக்காக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ரோட்டார் சுற்றும்போது யாரும் அங்கே இருக்கக் கூடாது, பம்ப் ஷெட்டுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும் என்றேன். முனிரத்தினத்தின் முகம் மாறிவிட்டது.

"நைனாவுக்கு கண்ணு சரியா தெரியாது மேடம். அவ்ளோ தூரத்துல நிக்க வெச்சா அவரு இன்னாத்த பாப்பாரு?"

"ரோட்டார் நின்ன பெறகு பக்கத்துலயே கூட்டினு வாங்க. தொட்டே பாக்கட்டும். சுத்தும்போது மட்டும் வேணாம்."

அவர் சேர்மனுக்கு போன் போட்டார். சேர்மன் எனக்குப் போட்டார். கொஞ்சம் அனுசரித்துப் போகும்படி பாதித் தெலுங்கிலும் பாதித் தமிழிலும் கேட்டார். அப்படியானால் வேறு இன்ஸ்ட்ரக்டரை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டேன். அன்று திரும்பி வரும்வரை முனிரத்தினம் என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலையில் அவர் மிக அழகாக இறக்கினார். மாமரங்கள் பூத்திருந்த பருவம். ரோட்டார் காற்றில் பக்கத்து மரங்களின் பூ உதிர்ந்து எங்கள் கண்ணாடிமேல் வந்து ஒட்டியது. எஞ்சினை நிறுத்தியதும் அவருடைய மனைவி கோமளா மாமனாரைக் கைபிடித்து அழைத்துவந்தார். பெரியவர் கதவைத் தடவினார், குனிந்து, சக்கரத்துக்குப் பதிலாக அடியில் இரண்டு பக்கமும் இருக்கும் ஸ்கிட் குழாயைத் தடவினார். பிறகு மகனிடம், "நல்லாத்தான் கீது. பூவெல்லாம் கொட்டிட்டியேடா," என்றார். முனிரத்தினம் வாய்விட்டுச் சிரித்தார். என்மேல் இருந்த கோபமும் அதோடு போயிற்று.

டிபன் சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார்கள். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இறங்குகையில் தூசி எழும்பியதைப் பார்த்த தோப்பு ஆட்கள் மெஷினைச் சுற்றி நன்றாகத் தண்ணீர் அடித்துவிட்டார்கள். எங்கள் வசதிக்காகச் செய்தது. அதேபோல முந்தின நாள் நான் போன பிறகு, இடம் பார்வையாக இருக்கட்டும் என்று புல்லை வெட்டி அங்கேயே பரப்பியிருந்தார்கள். அந்தப் புல்லுக்கு அடியில் ஒரு பழைய சொட்டுநீர்க் குழாய் கிடந்தது. அது இருப்பது யாருக்கும் நினைவில் இல்லை.

கிளம்புமுன் மெஷினைச் சுற்றிவந்து பார்த்தேன். ரோட்டார் பிளேடு, வால், ஆயில் எல்லாம் சரி. ஸ்கிட்டைச் சுற்றிப் புல் மட்டுமே தெரிந்தது. வீட்டார் பம்ப் ஷெட்டுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பிறகு ஸ்டார்ட் செய்யச் சொன்னேன்.

ஒரு நொடி

முனிரத்தினம் கலெக்டிவை மெல்ல மேலே கொண்டுவந்தார். இடப்பக்க ஸ்கிட் எழும்பியது. வலப்பக்கம் எழும்பவில்லை. மெஷின் வலப்புறம் சாயத் தொடங்கியது.

இதற்கு டைனமிக் ரோல்ஓவர் என்று பெயர். ஒரு ஸ்கிட் தரையில் மாட்டிக்கொண்டால் மெஷின் அதையே அச்சாக வைத்துப் புரளும். உடனே கலெக்டிவைக் கீழே இறக்கினால் தொப்பென்று பழையபடி உட்கார்ந்துவிடும். ஓர் அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் எதுவும் உதவாது.

"டவுன்" என்று சொல்லிக் கீழே தள்ளினேன். லிவர் இறங்கவில்லை. என் கையையும் சேர்த்துக்கொண்டு மேலே போனது. வருஷக்கணக்கில் லாரி ஓட்டிய கை அது.

பிளேடு மண்ணில் அடித்த சத்தம் இன்றைக்கும் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. அதன் பிறகு எல்லாம் நின்றுவிட்டது. நான் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தேன். அவர் எனக்குக் கீழே இருந்தார். பெட்ரோல் வாடை வந்தது. எரிபொருள் வால்வை மூடினேன், பேட்டரி ஸ்விட்சை அணைத்தேன். மேல்பக்கம் ஆகிவிட்ட என் கதவைத் திறந்து ஏறி, அவரையும் இழுத்தேன். அவருக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது. அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "நைனா எங்க, நைனா எங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பெரியவர் பம்ப் ஷெட்டுக்குப் பின்னால் கோமளாவின் கையைப் பிடித்தபடி பத்திரமாக நின்றிருந்தார். உடைந்த பிளேடில் ஒரு துண்டு பறந்துபோய் முதல் வரிசை மரத்தில் ஆழமாகப் பாய்ந்திருந்தது. அதன் அடியில் இருந்த நாற்காலிகளில் இரண்டு நொறுங்கிக் கிடந்தன. கோமளா அவற்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். முனிரத்தினமும் பார்த்தார்.

விசாரணை

என் மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்ட அன்றே சேர்மன் சித்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். திடீரென்று காற்று அடித்ததாகச் சொல்லிவிட்டால் கஸ்டமருக்கும் கெட்ட பெயர் வராது, ஸ்கூலுக்கும் வராது என்பது அவர் எண்ணம். மரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை சார் என்றேன். அப்படியானால் எல்லாம் உங்கள் தலையில்தான் விழும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மிரட்டுவதற்காகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் பயம்.

மெஷினில் கோளாறு என்று சொல்லும்படி முனிரத்தினத்தின் வக்கீல் அவருக்கு யோசனை சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். விசாரணை அதிகாரிகள் ஸ்கிட்டின் பின்முனையில் சுற்றியிருந்த சொட்டுநீர்க் குழாயை எடுத்துவிட்டார்கள். ஆனால் அது முதலிலேயே மாட்டியதா, புரண்டபோது சுற்றிக்கொண்டதா, உள்ளே என்ன நடந்தது என்பதை எங்கள் இருவரில் ஒருவர்தான் சொல்ல வேண்டும். மாணவர் ஒன்று சொல்லி இன்ஸ்ட்ரக்டர் வேறொன்று சொன்னால் எதை நம்புவார்கள்?

கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டபடி வந்த முனிரத்தினம், நான் இருக்கும்போதே அதிகாரியிடம் சொன்னார்.

"எஞ்சின் நல்லாத்தான் ஓடிக்கினு இருந்துச்சி சார். சாஞ்சதும் மேடம் கீழ தள்ளுனாங்க. நான் மேல இழுத்தேன். இழுக்கக் கூடாதுன்னு சொல்லிக்குடுத்துதான் இருந்தாங்க. பயத்துல கை தானா போயிடுச்சி. அந்தே, அவ்ளோதான்."

அதைக் கேட்டதும் வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு

மழைக்காலம் முடிந்து அவர் திரும்பி வந்தார். கோமளாவும் கூட வந்தார். இனிமேல் இழுக்க மாட்டாரா என்று என்னை நேராகக் கேட்டார். உறுதி சொல்ல முடியாது, பழக்க முடியும் என்றேன். ஷெட்டுக்குள் எஞ்சின் ஓடாத மெஷினில் அவரை உட்காரவைத்து, நான் "என் கன்ட்ரோல்" என்றதும் இரண்டு கையையும் எடுத்துவிடும்படி நாள்கணக்கில் பழக்கினேன். முதல்முறை மறுபடி ஏறியபோது எனக்குப் பயமாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். தனக்கும் என்றார். கிளம்பினோம். கடைசியில் அவர் லைசன்ஸ் வாங்கினார். ஹெலிகாப்டர் வாங்க மட்டும் வீட்டில் சம்மதிக்கவில்லை.

வெளியிடத்தில் இறங்கினால், கிளம்புமுன் இரண்டு ஸ்கிட்டையும் முழு நீளத்துக்குக் காலாலும் கையாலும் தடவிப் பார்ப்பது எங்கள் ஸ்கூலில் கட்டாயமானது. விசாரணை அறிக்கையிலும் வெட்டிப் பரப்பிய புல், ஈரமண், சொட்டுநீர்க் குழாய், மாணவர் லிவரை மேலே இழுத்தது எல்லாம் அப்படியே எழுதப்பட்டிருந்தன.

ஒரு வருஷம் கழித்து, அறிமுகம் இல்லாத ஓர் இன்ஸ்ட்ரக்டர் வேறு மாநிலத்திலிருந்து எனக்கு போன் செய்தார். ஒரு கரும்பு வயல் ஓரத்தில் இறங்கியிருக்கிறார். கிளம்பும்போது எங்கள் அறிக்கையைப் படித்தது ஞாபகம் வந்து, இறங்கிப் போய்ச் சருகை விலக்கிப் பார்த்திருக்கிறார். வேலிக்கம்பி ஒன்று ஸ்கிட்டில் நன்றாகச் சிக்கியிருந்ததாம். "உள்ளே நாங்கள் இரண்டு பேர் இருந்தோம்," என்று சொல்லி நன்றி சொன்னார்.

இதை முனிரத்தினத்துக்கு போனில் சொன்னேன்.

"அந்த ரெண்டு பேரும் யாருன்னு நமக்குத் தெரியாது இல்ல, மேடம்?"

"தெரியாது."

"சரி" என்றார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். விபத்து நடந்தால் யார்மேல் குற்றம் என்பதைத் தேடப் பலர் வருவார்கள். என்ன நடந்தது என்பதை உள்ளே இருந்தவர்தான் சொல்ல முடியும். காற்று அடித்தது என்று அன்றைக்கு நாங்கள் சொல்லியிருந்தால், எங்களை யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். கரும்பு வயலில் இறங்கியவர்கள் சருகை விலக்கியும் பார்த்திருக்க மாட்டார்கள்.