தாராவியில் ஓர் இட்லி ஆராய்ச்சி

மன்னர்கள் திக்விஜயம் போவார்கள். நான் போன ஞாயிற்றுக்கிழமை செம்பூரிலிருந்து தாராவிக்குப் போனேன். அங்கே என் அக்கா மகள் கவிதா வாரம் ஒருமுறை பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறாள். பாடம் கிடையாது, பரீட்சை கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு கேள்வி கொண்டுவந்து, தானே செய்து பார்த்து விடை தேட வேண்டும். தங்கள் பகுதியிலும் இப்படித் தொடங்க நினைப்பவர்களுக்காக இந்த மாபெரும் பயணக் குறிப்பு.

செம்பூரில் எட்டரை மணி ரயில். குர்லாவில் மாறினேன், அங்கே வாங்கிய இடியில் இரண்டு அங்குலம் குட்டையாகிவிட்டேன். மாதுங்காவில் இறங்கியது காபிக்காக மட்டுமே. அவசரக்காரர்கள் சயானில் இறங்கிப் பத்து நிமிடம் நடக்கலாம். மாதுங்காவுக்குள் ஆட்டோ வராது, டாக்ஸிதான். சுமார் இரண்டரை கிலோமீட்டர். டிரைவர் நம்மூர்க்காரர்.

“கல்லிச் சந்துக்குள்ள வண்டி போவாது அங்கிள். மெயின் ரோட்லயே இறங்கிக்கிடுங்க.”

“என்னைப் போன்றவர் நடப்பதா?”

“ஹாத்காடி கூப்பிடட்டா? மூட்டையெல்லாம் அந்தக் கைவண்டிலதான் போவுது.”

நடந்தேன்.

அறையில் இருபது பிள்ளைகள் இருப்பார்கள். “இதில் கெட்டிக்காரர்கள் யார்?” என்று கம்பீரமாகக் கேட்டேன்.

“எல்லாருந்தான் மாமா. பொறுக்கி எடுக்கற வேலையை ஸ்கூலே பண்றதே” என்றாள் கவிதா.

அப்போது இசக்கியம்மாள், மகள் பேச்சியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். வீட்டில் இட்லி அவித்து, சைக்கிளில் கொண்டுபோய் விற்பவர்களுக்குக் கொடுப்பவர்.

“டீச்சர், இவ இனிமே வரமாட்டா. ஸ்கூல்ல கடைசி ரேங்கு. இங்க வந்து ஆராய்ச்சி படிச்சு, நேத்து ஒரு ஈடு இட்லிய தீய வச்சிட்டா. சைக்கிள்காரன் தொடமாட்டேன்னுட்டான்.”

கவிதா வாதாடவில்லை. “உன் கேள்வி என்ன பேச்சி?” என்றாள்.

பேச்சி தரையைப் பார்த்தபடி சொன்னாள்: “அடித்தட்டு இட்லி மட்டும் ஏன் நசநசன்னு இருக்கு? கொதிக்க தண்ணி தட்டுல தெறிக்கி. அதான் தண்ணியக் கொறச்சேன். வத்திட்டு.”

“தட்டை உயரமா வச்சா?” என்றான் ஒரு பையன்.

“உசத்துனா மூடி எப்பிடிலே மூடும்?” என்று இசக்கியம்மாள் பாய்ந்தார்.

“மேல்தட்ட எடுத்துட்டா மூடும்மா” என்றாள் பேச்சி.

“ஒரு தட்டு போச்சுன்னா ஏவாரம் என்னத்துக்கு ஆகும்? அடித்தட்டு நல்லா வந்தாலும் கட்டாதுட்டீ.”

“அடித்தட்டுல மட்டும் இட்லி வைக்காம, வெறுந்தட்டு போட்டா? தெறிக்கிறது அதுலயே நின்னுரும்” என்றாள் பேச்சி மறுபடியும்.

“அதுவும் ஒரு தட்டு போனதுதானே?”

“ஓட்டைத்தட்டு ஒண்ணு பரண்ல கெடக்கே. மெல்லிசா இருக்கும். இடம் அடைக்காது. ஆவியும் ஓட்டை வழியா ஏறிரும்.”

இசக்கியம்மாள் பேச்சியின் கையை விட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார். பத்துப் பல்கலைக்கழகங்கள் கூடினாலும் இவ்வளவு சத்தமான ஆய்வரங்கம் நடக்காது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்: பத்து மணிக்குள் போய்விடுங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நீங்களே தொடங்குவதானால், முதல் ரேங்க் பிள்ளைகளை மட்டும் சேர்க்காதீர்கள். பெற்றோரிடம் முன்பே பேசிவிடுங்கள், சேதம் குறையும்.

நான் கிளம்பும்போது இசக்கியம்மாள் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “ஏவாரத்து மாவத் தொட்டே, தோல உரிச்சிருவேன். மிச்ச மாவுல செஞ்சு பாரு. என்னைய எழுப்பிட்டு அடுப்பப் பத்த வையி.”