படியில் உட்கார்ந்து பார்த்தவர்கள்

கோச் சார் இறந்துபோன செய்தி எனக்கு ஒரு ஆர்டராக வந்தது.

புதுக்கோட்டையில், கல்லூரிக்குப் போகும் சாலையில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸும் உண்டு. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு என்று எதற்காவது யாராவது வந்து நிற்பார்கள் என்பதால் காலை ஏழரைக்கே ஷட்டரைத் தூக்கிவிடுவேன். அன்றைக்கு அதற்கு முன்பே ஒருவர் வாசலில் நின்றிருந்தார். முப்பதைத் தாண்டிய வயது, ஷட்டரில் தலை இடிக்கும் உயரம், போலீஸ் கிராப். திருச்சியில் போலீஸ் வேலையில் இருப்பவர், அங்கிருந்து பைக்கிலேயே வந்திருந்தார்.

“கண்ணீர் அஞ்சலி ஒண்ணு அடிக்கணும்ணே. எங்க கோச் சாருக்கு,” என்றார்.

திருவரங்குளம் வீட்டில் விடியற்காலை எழுந்து தண்ணீர் குடித்தவர், அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டாராம். முந்தாநாள் சாயங்காலம்கூட மைதானத்தில் அவரைப் பார்த்திருந்தேன். ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆகியும் தினமும் பஸ் ஏறி வந்து பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.

வந்தவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கு அவரை நன்றாகத் தெரியும். கல்லூரி பாஸ்கெட்பால் அணியில் ஏழாம் நம்பர் பனியன் போட்டு ஆடியவர். மூன்று வருஷம் அவர் பெயரைச் சொல்லித் தொண்டை கட்டக் கத்தியிருக்கிறேன்.

நான் அந்தக் கல்லூரியில் படித்தவன் இல்லை. பந்தைக் கையால் தொட்டதும் கிடையாது. எதிர்ச்சாரியில் டீக்கடை வைத்திருக்கும் என் நண்பன்தான் ஒரு நாள் சாயங்காலம் மேட்ச் பார்க்க இழுத்துக்கொண்டு போனான். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். கோர்ட்டின் மேற்குப் பக்கம் ஆறேழு சிமெண்டுப் படிகள் இருந்தன. ஆட்டோ ஓட்டுகிறவர்கள், தாலுகா ஆபீஸ்காரர்கள், ஆலங்குடி பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதே என்று வந்து உட்கார்ந்து இரண்டு பஸ்ஸை விட்டவர்கள் என்று ஒரு கூட்டம் அங்கே சேரும். விளையாடுகிற யாருக்கும் நாங்கள் சொந்தமில்லை, தெரிந்தவர்களும் இல்லை. ஆனாலும் எங்கள் அணி என்றுதான் சொல்லிக்கொள்வோம்.

நான் போக ஆரம்பித்த வருஷம் ஒரு அரையிறுதி நாளில் மழை கொட்டித் தீர்த்தது. கோர்ட்டில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். வெளியூர் அணி பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. மேட்ச் இருக்காது என்று நாங்கள் எழுந்தபோது, கோச் சார் பேண்ட்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு தென்னந்துடைப்பத்தோடு கோர்ட்டில் இறங்கினார். எங்களைக் கூப்பிடவில்லை. தண்ணீரைத் தள்ளிக்கொண்டே படிப்பக்கம் வந்தவர், “சாக்கு ரெண்டு கெடைச்சா வேலை சீக்கிரம் முடியும்,” என்று மட்டும் சொன்னார். என் நண்பன் ஓடிப்போய்க் கடையிலிருந்த சாக்குகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தான். இருபது பேர் வேட்டியை மடித்துக்கட்டி, ஒரு மணி நேரம் தரையை ஒற்றி எடுத்தோம். அன்றைக்கு மேட்ச் நடந்தது. அதற்குப் பிறகு நான் ஒரு மேட்ச்சையும் விட்டதில்லை.

மேட்ச் நடக்கும்போது அவர் சத்தமே போடமாட்டார். பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து நிலக்கடலையை உடைத்துத் தின்றுகொண்டிருப்பார். தோலைக் கீழே போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஆட்டம் முடிந்து எழும்போது பை புடைத்திருக்கும். போட்டிக்கு ஃபிளெக்ஸ் அடிக்க என் கடைக்குத்தான் வருவார். ஒரு தடவை, எதற்கு மூன்று பாயிண்ட், எதற்கு இரண்டு என்று கேட்டேன். வீணாய்ப்போன ஃபிளெக்ஸ் ஒன்றைத் திருப்பிப் போட்டு, மார்க்கரால் கோர்ட் வரைந்து, அரை மணி நேரம் நின்று விளக்கினார். கேட்டவன் கடைக்காரன்தானே என்று அவசரப்படவில்லை.

அந்த மனிதரைப் பற்றித்தான் நான் ஒரு பொய் சொன்னேன்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் நடந்த இறுதிப் போட்டி அது. எதிரணி வேறு மாவட்டத்துத் தனியார் கல்லூரி. படிகளில் இடமில்லாமல் மதில்மேலும் ஆட்கள். பாதி ஆட்டம் வரை ஏழாம் நம்பர் பின்னி எடுத்தார். நாங்கள் ஒன்பது பாயிண்ட் முன்னால் இருந்தோம். இடைவேளை முடிந்து அணி திரும்பியபோது ஏழாம் நம்பர் டிராக் சூட் மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் இறக்குவார், இப்போது இறக்குவார் என்று காத்திருந்தோம். கோச் சார் இறக்கவே இல்லை. ஒன்பது பாயிண்ட் கரைந்தது. என் நண்பன் எழுந்து நின்று கத்தினான். பிறகு எல்லோரும் கத்தினோம். அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. மூன்று பாயிண்டில் தோற்றோம்.

மறுநாள் காலை டீக்கடையில் எல்லோர் வாயிலும் அதே கேள்வி. ஏன் உட்கார வைத்தார்? யாருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. ஆனால் முந்தின வாரம் அவர் தன் மகளின் பிளஸ் டூ மார்க் ஷீட்டை என் கடையில் ஜெராக்ஸ் எடுத்தது தெரியும். அது வாயில் வந்துவிட்டது.

“மகளுக்கு சீட் பாத்துக்கிட்டு இருக்காரு. அந்தக் காலேஜ்லதான்,” என்றேன்.

எந்தக் கல்லூரி என்று அவர் என்னிடம் சொல்லவே இல்லை. கோபத்தில் வந்த ஊகம் அது. ஊகம் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் என் முகத்தையே பார்த்தபோது அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. மத்தியானம் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் அதே செய்தியை எனக்கே சொன்னார். அதற்குள் அதற்குக் கை கால் முளைத்திருந்தது. ஃபீஸே இல்லாமல் சீட்டாம், ஹாஸ்டலும் சேர்த்தாம். அப்படியா என்று கேட்டுக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து அவர் கடைக்கு வந்தபோது, மகள் திருச்சியில் ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். எதிரணியின் கல்லூரி இல்லை அது. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நல்லதுங்க சார் என்றேன். அதை டீக்கடையில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் முதலில் சொன்னதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

என் நண்பன் அதிலிருந்து அவரோடு பேசவில்லை. இடைவேளையில் அணிக்கு டீ கொண்டுபோவதை நிறுத்தினான். அவர் கடையைத் தாண்டிப் போகும்போது திரும்பி நின்று டம்ளர் கழுவுவான். கொஞ்ச நாளில் அவரும் அந்தப் பக்கம் நடப்பதை விட்டுவிட்டார். நான் மட்டும் ஒன்றும் நடக்காதது போல மேட்ச்சுக்கும் போனேன், அவருக்கு ஃபிளெக்ஸும் அடித்தேன்.

அன்று காலை மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்தப் போலீஸ்காரரிடம் தயங்கித் தயங்கி அந்த இறுதிப் போட்டியைப் பற்றிக் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அரையிறுதியிலேயே அவருக்கு முட்டியில் அடிபட்டிருக்கிறது. மறைத்துக்கொண்டு ஆடியிருக்கிறார். இடைவேளையில் கோச் சார் முட்டியை அழுத்திப் பார்த்ததும் இவர் வலியில் கத்திவிட்டாராம். பதினெட்டு நாளில் போலீஸ் தேர்வுக்கான ஓட்டம் இருந்தது.

“இந்தக் காலோட எறங்குனா ஒனக்கு ஓட்டம் இல்லன்னு சொன்னாங்க. அடிபட்டது வெளில தெரிஞ்சாலும் எனக்குக் கஷ்டம் சார், யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு அழுதேன். சொல்லமாட்டேன்னு கையில அடிச்சாங்க. கடைசிவரைக்கும் சொல்லலண்ணே. அவங்களை ஊரே பேசுச்சு. நான் வேலைக்குப் போயிட்டேன்.”

கீழே என்ன போடலாம் என்று கேட்டேன். மாணவர்கள் என்று போடச் சொன்னார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ரசிகர்கள்னும் சேத்துக்கங்கண்ணே. படியில உக்காந்து பாக்குறவங்க மேல அவங்களுக்கு ஒரு இது உண்டு,” என்றார். அந்த ஒரு வார்த்தையை அடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது.

சாவுக்கு வரச் சொல்லி நண்பனைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றான். கேட்டதை அவனிடம் சொல்ல அதுதான் நேரம். சொன்னால் மகள் சீட் கதைக்கு வந்து நிற்கும். சொல்லாமல் நான் மட்டும் போனேன். திருவரங்குளம் வீட்டு வாசலில் பல வருஷத்து ஆட்டக்காரர்கள் நின்றிருந்தார்கள். எல்லோரும் நெடுநெடுவென்று உயரம். நடுவில் என்னைப் பார்த்த கோச் சார் மனைவி, நீங்கள் எந்த வருஷம் ஆடினீர்கள் என்று கேட்டார்.

“நான் வெளயாடலீங்கம்மா. பாத்தவன்,” என்றேன்.

அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் மகள் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வந்துவிட்டேன்.

காரியம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பழைய ஆட்டக்காரர்கள் கோர்ட்டிலேயே நினைவேந்தல் வைத்தார்கள். என் நண்பனும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். சாவுக்குப் போகாதது அவனை உறுத்தியிருக்க வேண்டும். ஒவ்வொருவராகப் பேசினார்கள். கடைசியில் போலீஸ்காரர் மைக்கைப் பிடித்து, என்னிடம் சொன்னதையெல்லாம் எல்லோர் முன்னாலும் சொன்னார்.   என் நண்பன் என் பக்கம் திரும்பினான்.

“அப்ப அந்த சீட் கதைய ஒனக்கு யாரு மாப்ள சொன்னா?”

“யாரும் சொல்லல. நானாத்தான் சொன்னேன்.”

அவன் திட்டவில்லை. “பதினொரு வருஷம் அந்த மனுசனைப் பாத்து மூஞ்சியத் திருப்பியிருக்கேன்டா,” என்றான். எழுந்து இரண்டு படி கீழே போய் உட்கார்ந்துகொண்டான்.

என்னால் உட்கார முடியவில்லை. இறங்கி, முன்வரிசையில் அம்மாவோடு இருந்த மகளிடம் போனேன். யார் என்று சொல்லி, என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன்.  அவரும் அதை அப்போதே கேள்விப்பட்டிருந்தார். திருச்சி ஹாஸ்டலில் நம் ஊர்ப் பெண் ஒருத்தி, ஒங்க அப்பா மேட்ச்சை விட்டுக்கொடுத்துத்தானே ஜெயிச்ச காலேஜ்காரங்க மூலமா இங்க சீட் வாங்கினார் என்று நாலு பேர் முன்னால் கேட்டாளாம். அந்தக் கதை இடத்துக்குத் தகுந்த மாதிரி தன்னை மாற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் போயிருந்தது.

அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியும். யாரு சொன்னான்னு அவங்க தேடிப் பாக்கல,” என்றார். பிறகு, “இத எங்கிட்ட மட்டும் சொல்லி என்ன ஆகப்போவுது? அந்தா மைக்கு இருக்கு,” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்டவருக்குக் கையைக் காட்டுவது போலத்தான் சொன்னார். போனேன். மூன்று நாலு வாக்கியம் பேசியிருப்பேன். நான் ஃபிளெக்ஸ் கடைக்காரன், அந்தப் பேச்சைக் கிளப்பியவன் நான்தான், அதில் ஒரு சொல்லும் உண்மையில்லை, திருத்த நேரம் கிடைத்தும் திருத்தவில்லை என்றேன். ஊருக்கே ஃபிளெக்ஸ் அடிக்கிறவனுக்கு அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. யாரும் கைதட்டவில்லை. யாரும் ஏசவும் இல்லை. மகள் ஒரு தடவை தலையை ஆட்டினார், அவ்வளவுதான். அம்மா என்னைப் பார்க்கவில்லை. நான் இறங்கும்போது என் நண்பன் படியில் இல்லை.

வியாபாரத்தில் பெரிய மாற்றமில்லை. சிலர் முன்போல நின்று பேசுவதில்லை. நான் சொல்வதை இரண்டு தடவை யோசிக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அதில் தப்பில்லை. என் நண்பன் பேசுவதில்லை. டீயை வீட்டிலேயே குடித்துவிட்டு வருகிறேன். இடைவேளையில் மறுபடியும் அணிக்கு டீ கொண்டுபோகிறான் என்று கேள்விப்பட்டேன்.

போன மாதம் புது கோச் வந்தபிறகு நடந்த முதல் மேட்ச். வயது குறைந்தவர், சத்தம் போடுகிறவர். நான் மேல்படியில் ஓரமாக உட்கார்ந்தேன். என் நண்பன் கீழே. கடைசிப் பத்து நிமிஷத்தில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒருவரைப் புது கோச் வெளியே எடுத்தார். எனக்கு முன்னால் இருந்த ஒருவர் உடனே ஆரம்பித்துவிட்டார். இது சும்மா இல்லை, உள்ளே ஏதோ இருக்கிறது என்றார். என் நண்பன் திரும்பினான்.

“என்ன இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமாங்க?”

அவர் தெரியாது என்றார்.

“அப்ப பேசாம பாருங்க,” என்றான். அப்படித் திரும்பும்போது அவன் கண் என் மேலும் பட்டது. நிற்கவில்லை.

நாங்கள் ஜெயித்தோம். கூட்டம் கலைந்து வெளியே வந்தபோது அவன் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் ஒரே சாலைதான். நான் எட்டிப் பிடிக்கப் பார்க்கவில்லை. அவனும் வேகத்தைக் கூட்டவில்லை. அவன் கடைக்குள் போய் அடுப்பைப் பற்ற வைக்கும்வரை சாலையின் இந்தப் பக்கம் நின்றிருந்துவிட்டு, வீட்டுக்கு வந்தேன்.