குறை சொல்லும் நாற்காலி

வானொலி நிலையத்தின் அந்தச் சின்ன அறையில் விமர்சகர்களுக்கு மூன்று நாற்காலிகள். கதவோரம் கிடப்பதற்கு ஒரு கால் ஆடும். அதில் உட்காருகிறவர், அன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டது படமோ பாட்டோ நாடகமோ, அதைக் குறை சொல்லியே தீர வேண்டும். அதன்மேல் உயிரையே வைத்திருந்தாலும் சரி. வாரம் ஒருவர் என்று முறைபோட்டு உட்காருவார்கள். நிகழ்ச்சியை நடத்தும் தொகுப்பாளர் கொண்டுவந்த வழக்கம் இது. அதற்கு முன்னால் மூன்று பேரும் புதுச் சம்பந்திகள் மாதிரி ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டே பொழுதை ஓட்டுவார்களாம். கேட்கிறவனுக்குக் கொட்டாவி வராமல் வேறென்ன வரும்!

மூவரில் ஒருவர் பேராசிரியர், ஒருவர் சினிமா விமர்சகர், இன்னொருத்தி கறார் அக்கா. அது நேயர்கள் வைத்த பெயர். பகலில் கண் மருத்துவமனையில் நோயாளிகளின் பெயரைப் பதிகிற வேலை. வேலை முடிந்தால் முகத்தைக் கழுவிக்கொண்டு ஏதாவது ஓர் அரங்கத்துக்குக் கிளம்பிவிடுவாள்; பார்த்ததைப் பத்திரிகையிலும் எழுதுவாள். அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. எவ்வளவு மட்டமான நாடகமானாலும் கடைசி விளக்கு அணைகிறவரை எழுந்திருக்க மாட்டாள். "பாதியில எழுந்து போறவனுக்குக் குறை சொல்ல வாய் ஏது?" என்பாள். இடைவேளையோடு கம்பி நீட்டுகிற சக விமர்சகர்களை அவள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அப்பப்பா! செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொள்வார்கள்.

அவளுக்கு ஒரே தம்பி. சின்ன வயதிலிருந்தே பாட்டுப் பைத்தியம். அவன் போடாத மெட்டில்லை, ஏறி இறங்காத வாசலில்லை. ஒன்றும் எடுபடவில்லை. தலை நரைக்கத் தொடங்கிய பிறகு இந்த வருஷம்தான் ஒரு பாட்டு பிடித்துக்கொண்டது. முடிவெட்டும் கடையில், பஸ்ஸில், கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு காத்திருப்பவர்களின் போனில், எங்கே பார்த்தாலும் அதுதான். வீட்டில் பதிவான குரல்களைப் பாட்டுக்குள் வைப்பது இப்போதைய மோகம். ஒருவர் குழந்தை சிரிப்பதை வைக்கிறார், இன்னொருவர் பெண்டாட்டி திட்டுவதை வைக்கிறார். தம்பி வைத்தது செத்துப்போன அம்மாவின் குரலை.

"அவசரமில்லம்மா. மெதுவா வா."

அவ்வளவுதான். அந்த வரியைச் சுற்றிச் சுற்றித்தான் மெட்டு வரும்.

அது கறார் அக்காவின் போனுக்கு அம்மா விட்ட சேதி. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். தம்பி வெளியூர்க் கச்சேரியில் இருந்தான். இவள் நாடகத்தில் போனை அணைத்து வைத்திருந்தாள். இடைவேளையில்தான் கேட்டாள். அம்மாவே அவசரமில்லை என்கிறாளே என்று உள்ளே திரும்பிப்போய் உட்கார்ந்தாள். படுமோசமான நாடகம். ஆனாலும் கடைசி விளக்கு அணைகிறவரை இருந்தாள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் கட்டிலில் புது விரிப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஏன் பிந்தினாய் என்று தம்பி கேட்டபோது, "வழியில பஸ் கெட்டுப்போச்சுடா" என்றாள். அம்மாவின் குரல் அவனிடமாவது இருக்கட்டும் என்று பதிவை அவனுக்கு அனுப்பினாள். பிறகு தன் போனிலிருந்து அழித்துவிட்டாள். இன்னொரு தரம் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. அவன் என்னடாவென்றால், ஒரு வார்த்தை கேட்காமல் அதை ஊருக்கே ஒலிபரப்பிவிட்டான். கோபமும் வெட்கமும் அவளைத் தின்றன. அவனோடு பேச்சும் சுருங்கிப்போயிற்று.

நிகழ்ச்சிக்கு முதல் நாள் அவனே கூப்பிட்டான். "அக்கா, நாளைக்கு என் பாட்டைத்தான் எடுக்கப்போறாங்களாமே. அந்த நாற்காலி யாருக்கு?"

"எனக்குத்தான்."

"சரி. தம்பின்னு பாக்காத. மனசுல பட்டதைச் சொல்லு" என்றான். ஆனால் குரல் பயந்திருந்தது. பயப்படாமல் என்ன? வாழ்க்கையிலேயே ஒரே ஒரு பாட்டுக்குத்தான் கைதட்டல் கிடைத்திருக்கிறது. கறார் அக்கா மட்டம் தட்டினால் மறுநாளே நாலு பேர் அதையே சொல்வார்கள்.

மறுநாள் தொகுப்பாளரும் தயங்கினார். "உங்க தம்பி பாட்டாச்சே. நாற்காலியை வேணும்னா மாத்திக்கலாமா?"

"தம்பிங்கறதை முதல்லயே சொல்லிடுங்க. நாற்காலி இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நாற்காலி ஆடியது.

பாட்டைப் போட்டார்கள். அம்மா பேசினாள். மேசைக்கடியில் கறார் அக்கா புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

முதலில் பேராசிரியர் பிடித்துக்கொண்டார். "வேகம் வேகம்னு ஓடற தலைமுறைக்கு ஒரு தாய் போடற கடிவாளம் இது. ஒத்த வரியில ஒரு தத்துவமே இருக்கு!" சினிமா விமர்சகர் விடுவாரா? "நடிக்கத் தெரியாத குரலுங்க. அதுதான் இன்னைக்கு ஜனங்களுக்கு வேண்டியிருக்கு. இனிமே எங்க நடிகர்கள் பாடு திண்டாட்டம்தான்" என்றார். மேலும் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பாட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். பிறகு தொகுப்பாளர் இவள் பக்கம் திரும்பினார்.

"இது தத்துவம் இல்லீங்க" என்றாள் கறார் அக்கா. "உடம்பு முடியாத ஒருத்தி, பொண்ணு பதறக்கூடாதுன்னு சொன்ன பொய். அந்த வார்த்தைக்கு அப்புறம் ஒரு இருமல் இருந்துச்சு. இருமி இருமி, அதுக்கப்புறம்தான் போனை வச்சாங்க. பாட்டுல அதை வெட்டியாச்சு. வெட்டினதால பொய் நிஜமாட்டம் ஆயிடுச்சு. அதுதான் குறை."

தொகுப்பாளர் மெல்லக் கேட்டார்: "அப்போ நேயர்களுக்கு என்ன சொல்றீங்க?"

"பாட்டைக் கேளுங்க. மெட்டு ரொம்ப நல்லா இருக்கு. ஆனா உங்க அம்மா அப்படிச் சொன்னா நம்பாதீங்க. எந்த நாடகத்துல உக்காந்திருந்தாலும் பாதியில எழுந்து போயிடுங்க."

வெளியே வந்து படியிறங்கும்போதே போன் அடித்தது. தம்பி. திட்டப்போகிறான், திட்டட்டும் என்று எடுத்தாள்.

"இருமலை எதுக்கு வெட்டினேன்னு என்கிட்ட நீ கேக்கவே இல்லையே" என்றான்.

"பாட்டுக்கு ஒத்துவராதுன்னு வெட்டியிருப்ப."

"இல்லக்கா. பாட்டு வெளிய வந்தா நாலு இடத்துல உன் காதுல விழும். அந்த இருமலும் விழணுமா? பஸ் கெட்டுப்போகலன்னு எனக்கு அப்பவே தெரியும். அன்னைக்கு ஒரு நாள் மட்டும் நடந்த அந்த நாடகத்தோட கடைசிக் காட்சியை நீ கிழி கிழின்னு கிழிச்சு எழுதியிருந்தியே. நீ எழுதறது ஒண்ணையும் நான் விடறதில்ல."

கறார் அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒருவர் அவளைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறிப்போனார்.

"பொய்னு தெரிஞ்சும் அப்பவே ஏன்டா கேக்கல?"

"என்னன்னு கேக்கறது? அம்மா மெதுவா வான்னாங்க, நீ மெதுவா போன. உன்மேல என்ன தப்பு? அதைத்தான் உனக்குத் திரும்பத் திரும்பக் கேக்க வைக்கலாம்னு பாட்டுல வச்சேன். நேர்ல சொல்ல எனக்கு வரலக்கா."

இத்தனை நாள் வராத அழுகை அவளுக்கு அந்தப் படியில் வந்தது. யார் பார்த்தால் என்ன என்று வாய்விட்டு அழுதாள். அந்தப் பக்கம் அவனும் போனை வைக்கவில்லை.

"முழுசும் வச்சிருக்கியா? இருமலோட?"

"இருக்கு."

"வீட்டுக்கு எடுத்துட்டு வா. நாம ரெண்டு பேரும் கேக்கலாம்."

"சரிக்கா. சாயங்காலமா வரேன்."

"சாயங்காலம் வேண்டாம்டா" என்றாள். "இப்பவே வா."