தேக்குக் கதவும் சாம்பல் பெயின்ட்டும்

நான் குடியிருக்கும் வீட்டில் என் பெயர் ஒரே ஒரு காகிதத்தில்தான் இருக்கிறது. முகாம் வாசலில் காவலரிடம் காட்டும் அட்டையில், ‘சார்ந்திருப்பவர்’ என்ற சொல்லுக்கு எதிரே. மற்றபடி வீடு என் மனைவியுடையது. கறாராகச் சொன்னால் அவளுடையதும் இல்லை, அவளுக்குச் சம்பளம் கொடுக்கும் படையினுடையது. சிவகங்கைப் பக்கம் இருக்கும் முகாம் மருத்துவமனையில் அவள் நர்ஸ். நான் பள்ளிக்கூட கைடுகளுக்கு வீட்டிலிருந்தபடியே பிழை திருத்துகிறவன். காலையில் அவள் சீருடையில் கிளம்புவாள், மகள் வேனில் ஏறுவாள், நான் வாசல் பெருக்கிவிட்டு வீட்டைப் பார்க்க ஆரம்பிப்பேன்.

கோட்டையூரில் என் பெரியப்பா மகன்களுக்கு இது பெரிய வேடிக்கை. சிரிக்கட்டும். அங்கே எங்கள் பூர்வீக வீட்டில் பதினொரு பங்காளிகளுக்குப் பாத்தியதை. கூரையில் உடைந்த ஓடு ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் சிங்கப்பூரில் இருப்பவர் சம்மதிக்க வேண்டும், கோயம்புத்தூரில் இருப்பவர் போனை எடுக்க வேண்டும். சுவரில் ஓர் ஆணி அடிக்க உரிமையில்லாமல் வளர்ந்தவன் நான். குவார்ட்டர்ஸ் வாழ்க்கைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம். இங்கேயும் ஆணி அடிக்கக் கூடாது. ஆனால் குழாய் ஒழுகினால் நானே வாஷர் மாற்றிவிடலாம், அதற்கு யாரும் கூட்டம் போடுவதில்லை.

குடிவந்த அன்று ஒரு பட்டியலில் மனைவியிடம் கையெழுத்து வாங்கினார்கள். மின்விசிறி மூன்று, குழாய் ஆறு, ஜன்னல் கண்ணாடி இத்தனை, தாழ்ப்பாள் இத்தனை. காலி செய்யும்போது அதே பட்டியலை வைத்துச் சரிபார்ப்பார்கள். அதை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தேன். இங்கே போர்வெல் தண்ணீர் உப்பு. குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்துவிடும். சனிக்கிழமை தோறும் புளி போட்டுத் தேய்ப்பேன். எங்கள் ஊர்க்காரன் கையில் கொஞ்சம் புளி கிடைத்தால் பித்தளை, எவர்சில்வர் என்று பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டம்மா என்னைக் காட்டித் தன் கணவரைக் குத்திப் பேசுவதாக மகள் வந்து சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

மூன்றாம் வருஷம் அந்தக் கொழுப்புதான் என்னை மாட்டிவிட்டது.

வாசல் கதவின் அடியில் பெயின்ட் பொரிந்திருந்தது. மனைவி ஒரு வாரப் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தாள். கொஞ்சம் சுரண்டி விடலாமே என்று பட்டி பூசும் தகட்டுக் கத்தியை எடுத்தேன். நாலைந்து பூச்சு சாம்பல் பெயின்ட்டுக்குக் கீழே தேன் நிறத்தில் மரம் தெரிந்தது. தேக்கு. தேக்கைப் பார்த்த பிறகு அதை மூடிவிட்டு எழுந்து போக எங்கள் பக்கத்து ஆளுக்கு மனசு வருமா? ஆறு நாள் வாசலில் உட்கார்ந்து சுரண்டினேன், உப்புத்தாள் போட்டேன், ஆளிவிதை எண்ணெய் தேய்த்தேன். கைடுகளில் அந்த வாரம் எத்தனை பிழைகள் தப்பிப் போயினவோ தெரியாது.

வெள்ளிக்கிழமை அவள் வந்து பையைக் கீழே வைக்காமல் நின்றாள்.

“என்ன பண்ணி வச்சிருக்கீக?”

“தொட்டுப் பாரு. பூரா தேக்கு.”

“வரிசையில மத்த கதவையும் பாருங்க.”

பார்த்தேன். பதினைந்து கதவுகளும் சாம்பல். என்னுடையது மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுங்கிக்கொண்டு நின்றது. கதவின் நிறம்கூட விதிப்படிதான் இருக்க வேண்டுமாம். மூன்று வருஷத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

நேரமும் மோசமான நேரம். அவளுக்கு ஒரு மலையோர முகாமுக்கு மாற்றல் வந்திருந்தது. அங்கே குடும்பத்துக்கு வீடு கிடையாது. அவள் அங்கிருக்கும் இரண்டு வருஷமும் நானும் மகளும் இதே வீட்டில் இருக்கலாம் என்று ஒரு விதி உண்டு, அதற்கு விண்ணப்பித்திருந்தோம். வீட்டை ஒழுங்காக வைத்திருக்கிறார்கள் என்று அதிகாரி நேரில் பார்த்து எழுதினால்தான் கிடைக்கும். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். அவர் வருவது திங்கட்கிழமை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் காரைக்குடி போனேன். சுரண்டிய பெயின்ட் சில்லு ஒன்றை மடித்து எடுத்துப் போயிருந்தேன். பெயின்ட் கடைக்காரர் அதைத் திருப்பி, வெயில் படாத உள்பக்கத்தைப் பார்த்து நிறம் கலந்து கொடுத்தார். வீட்டுக்கு வந்தால், நான் தேய்த்த எண்ணெயில் பெயின்ட் ஒட்ட மாட்டேன் என்கிறது. தின்னரால் துடைத்து, பிரைமர் அடித்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒருவழியாக முடித்தேன். பக்கத்துக் கதவுகளைவிட என் கதவு ஒரு படி கறுப்பாகத்தான் இருந்தது.

அவள் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். “நான் ஆபீசர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வாரேன்.”

“என்னத்தச் சொல்லப் போற? காஞ்சா யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்ல.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் முதுகொடிய வேலை பார்த்தவன் நான், காட்டிக்கொடுக்கப் போகிறவள் இவளா? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து வெங்காயம் உரித்தாள். அங்கே என்ன பேசினாள் என்று நானும் கேட்கவில்லை. அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். வடக்கத்திக்காரர், தெற்கே பல வருஷம் இருந்து தமிழ் பழகியவர். மின்விசிறிகளைப் போட்டுப் பார்த்தார், ஆறு குழாய்களையும் திறந்து மூடினார். கடைசியில் கதவு. ஃபைலிலிருந்து நிற அட்டையை எடுத்து என் கதவில் வைத்தார். பிறகு வெளியே போய்ப் பக்கத்து வீட்டுக் கதவில் வைத்தார். அதற்கடுத்த கதவிலும் வைத்தார்.

“உங்க கதவு கலர் சரி,” என்றார். “மத்த கதவு எல்லாம் வெயில்ல வெளுத்துப் போச்சு. அதுக்குத்தான் பெயின்ட் அடிக்கணும்.”

பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அதிகாரி உள்ளே வந்து உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். மனைவிக்கு அப்போதுதான் அடுப்படியில் ஏதோ வேலை ஞாபகம் வந்தது.

“மேடம் நேத்து வந்தாங்க சார்,” என்றார் என்னிடம். “கதவு விஷயம் சொன்னாங்க. தப்பு என்னுது, எனக்கு நோட்டீஸ் குடுங்க, வீட்டை மட்டும் எடுக்காதீங்கன்னாங்க. ஏன் மேடம், ஊர்ல பெரிய வீடு இருக்குதேன்னு கேட்டேன். அதுக்கு அவங்க, மலையில ட்யூட்டி முடிச்சு உக்காந்தா, இவரு இப்ப எந்த ரூம்ல இருப்பாரு, பொண்ணு எங்க உக்காந்து படிப்பான்னு நான் நினைக்கணும், வேற வீடுன்னா எனக்கு நினைக்க வராதுன்னு சொன்னாங்க.”

பசித்தாலும் இன்னும் கொஞ்சம் சோறு போடு என்று கேட்டு வாங்கத் தெரியாதவள் அவள். இத்தனை வருஷத்தில் என்னிடமே ஒன்று கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது, அந்த மனுஷருக்கு முன்னாலேயே துடைத்துக்கொண்டேன். அவர் ஃபைலைப் பார்த்துக்கொண்டு ஏதோ எழுதினார். மறு வாரம் அனுமதிக் கடிதம் வந்தது.

அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. சிக்னல் கிடைக்கும் நாட்களில் சாயங்காலம் கூப்பிடுவாள். சாப்பிட்டீகளா, உடம்பு எப்படி என்பதெல்லாம் அப்புறம்தான். “இப்ப எங்க உக்காந்திருக்கீக?” என்றுதான் ஆரம்பிப்பாள். ஹாலில், ஜன்னல் பக்கத்து நாற்காலியில் என்பேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாள். அவள் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும், நானும் பேசாமல் இருப்பேன்.

போன வாரம் மகள் தன் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட வேண்டும் என்றாள். இரண்டு நாள் பொறுக்கச் சொன்னேன். மனைவி கூப்பிட்டதும் அவளிடம் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் நகர்த்தினோம்.