நான் பெயர்த்தெடுத்த கற்கள்

எங்கள் ஊருக்கும் திருப்பூருக்கும் நடுவே நொய்யல் ஆறு. அதைக் கடக்க ஒரு பழைய தரைப்பாலம்; தண்ணீர் கூடினால் முங்கிவிடும். அறுபதுகளில், ஒவ்வொரு வெள்ளம் வடிந்ததும் வீட்டுக்கு ஒருவராகக் கல்லும் மண்ணும் சுமந்துபோய்க் குழிகளை மூடுவோம். யாரும் வந்து கூப்பிட வேண்டியதில்லை.

அந்த வழக்கத்தை நிறுத்தியவன் நான். பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. நாலு எழுத்துப் படித்த திமிர் வேறு. உயரமான புதுப்பாலம் கேட்டு மனு எழுதியதும் நான்தான். நாம் ஒட்டுப்போட்டுக்கொண்டே இருந்தால், பார்க்க வருகிற இன்ஜினியர் "இதுவே போதுமே" என்று போய்விடுவார், குழி அப்படியே கிடக்கட்டும் என்று ஊரைச் சம்மதிக்க வைத்தேன். அந்த வருஷம் பாலத்தின் நட்டநடுவே முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி விழுந்தது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஒருநாள் வண்டிக்காரர் ஒருவர் அதைக் கல் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தார்.

"இன்ஜினியர் வர்ற நேரத்துல இதை ஏனுங்க மூடறீங்க?" என்று சண்டைக்குப் போனேன்.

"வண்டி போகோணுமில்லீங்க?" என்றார்.

அவர் தலை மறைந்ததும் கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து ஆற்றில் வீசினேன்.

அடுத்த வாரம், அக்கரையில் வாழ்க்கைப்பட்டிருந்த என் தங்கையைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர மாட்டுவண்டியோடு போனேன். திரும்பும்போது பாலத்தின் மேல் கணுக்கால் அளவு தண்ணீர். பாசி வழுக்குமே என்று அவளை வண்டியிலேயே உட்கார வைத்து, மாடுகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். குழி எங்கே இருக்கிறதென்று என்னைவிடத் தெரிந்தவன் யார்? கலங்கல் தண்ணீரில் என் கணக்கு நாலடி தப்பிவிட்டது. சக்கரம் உள்ளே இறங்கி வண்டி சாய்ந்தது. அவள் வயிறு வண்டியின் பக்கக் கட்டையில் மோதியது. "அண்ணா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள்.

குழந்தை ஆஸ்பத்திரியில் இறந்தே பிறந்தது. பையன். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளையே இல்லை.

அந்த விபத்தையும் சேர்த்து ஊர் இன்னொரு மனு கொடுத்தது. என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். இன்ஜினியர் வந்து பார்த்தார். சில வருஷங்களில் பாலமும் வந்தது.

திறந்த அன்று தங்கை புருஷனோடு அக்கரையிலிருந்து நடந்தே வந்தாள். கைப்பிடிச் சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"உங்களாலதானுங்கண்ணா இது வந்துச்சு. இனி எந்தப் புள்ளத்தாச்சிக்கும் பயமில்லீங்க."

கற்களைப் பற்றிச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"ஊட்டுக்கு வா கண்ணு, சாப்பிடலாம்" என்றேன்.